டெஸ்டாச்சோவில் இரவுச் சாப்பாடு: டிராட்டோரியாவா, பீட்சேரியாவா?

ரோம் நகரில் டைபர் ஆற்றை ஒட்டி இருக்கும் டெஸ்டாச்சோ, அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்குச் சமைத்தே பழகிய பேட்டை. ஊருக்கே இறைச்சி தந்த பெரிய கசாப்புக் கூடம் 1975 வரை இங்கேதான் இயங்கியது. இங்கே இரவுச் சாப்பாட்டுக்கு முக்கியமாக இரண்டு வழி. ஒன்று பாஸ்தாவும் இறைச்சியும் சமைக்கும் டிராட்டோரியா. ஃபெலிச்சே அதற்குப் பேர்போனது. இன்னொன்று மெல்லிய ரோமன் பீட்சா சுடும் பீட்சேரியா. தா ரெமோ அந்த வகை. முதலாவது வாணலியை நம்பி நடக்கிறது, இரண்டாவது அடுப்பை. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எவ்வளவு செலவாகும், எதில் ஏமாறுவோம் என்பதெல்லாம் பெரும்பாலும் இதிலிருந்தே வருகிறது.

பீட்சாவை முதலில் பார்ப்போம். ரோமன் பீட்சாவின் மாவில் கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் சேரும். சுமார் 180 கிராம் உருண்டையைக் கட்டையால் சப்பாத்தி போலத் தேய்த்து, காற்றை வெளியேற்றிவிடுவார்கள். நேப்பிள்ஸில் கட்டையைத் தொடவே மாட்டார்கள். விரலால் காற்றை ஓரத்துக்குத் தள்ளி, 430 டிகிரிக்கு மேல் கொதிக்கும் அடுப்பில் 60 முதல் 90 விநாடியில் எடுத்துவிடுவார்கள். அதனால் அங்கே ஓரம் உப்பி, நடு மெத்தென்று இருக்கும். ரோமில் சூடு குறைவு, நேரம் கூடுதல். இரண்டு மூன்று நிமிடத்தில் ஈரம் போய் அப்பளம் போல நொறுங்கும். இதைக் கெடுப்பது தண்ணீர்தான். மொஸரெல்லா சீஸை வடியவிடாமல் போட்டாலோ, மேலே நாலைந்து பொருளை அடுக்கினாலோ நடு ஊறித் தொங்கிவிடும். ஆறினாலும் அதே கதி. எல்லாருக்கும் வரட்டும் என்று தட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பது ரோமன் பீட்சாவுக்குச் செய்யும் அநியாயம். ஆளுக்கு ஒன்று என்பதுதான் வழக்கம். நடுவில் ஒன்றை வைத்துப் பங்கு போட்டால் கடைசித் துண்டு ரப்பராகத்தான் கிடைக்கும்.

டிராட்டோரியாவின் பரீட்சை காச்சோ எ பெப்பே. சீஸ், மிளகு, பாஸ்தா வேகவைத்த தண்ணீர், அவ்வளவுதான். ஒளித்துக்கொள்ள இடமே இல்லாத பண்டம். இருவருக்கு 200 கிராம் தொன்னரெல்லி பாஸ்தா, 100 முதல் 120 கிராம் வரை பொடியாகத் துருவிய பெக்கோரினோ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸ். மிளகை நசுக்கி வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, பாஸ்தாத் தண்ணீர் ஒரு கரண்டி விட்டு, அரைவேக்காடு தாண்டிய பாஸ்தாவைப் போட்டுப் புரட்டுவார்கள். அடுப்பை அணைத்துக் கொஞ்சம் ஆறவிட்ட பிறகுதான் சீஸ். வாணலி சுமார் 65 டிகிரியைத் தாண்டி இருந்தால் சீஸின் புரதம் திரண்டு, ஒரு பக்கம் கட்டி, ஒரு பக்கம் நீர் என்று பிரிந்துவிடும். அதைக் கட்டுக்குள் வைப்பது தண்ணீரில் கரைந்த மாவுச்சத்து. தட்டைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லலாம்: முள்கரண்டியில் சுற்றித் தூக்கும்போது குழம்பு இழையோடு ஒட்டிக்கொண்டு வர வேண்டும், அடியில் தெளிந்த நீரும் சூயிங்கம் போன்ற உருண்டைகளும் கிடந்தால் கைத்தவறு. ஃபெலிச்சேயில் இதை மேசைக்கே கொண்டுவந்து கண்முன் கிளறித் தருவது பார்க்க வேண்டிய காட்சி. முட்டை சேர்க்கும் கார்பொனாரா பாஸ்தாவிலும் இதே சூட்டுக் கணக்குதான். அங்கே பயம், முட்டை பொரியலாகிவிடுமோ என்று. அந்தப் பயத்தில் சில கடைகள் கிரீம் ஊற்றிச் சமாளிக்கும். அப்படி வெள்ளையாகக் கொழகொழத்து வந்தால் அடுத்த முறை வேறு கடை பாருங்கள்.

ஒவ்வொரு பாஸ்தாவுக்கும் தனி வாணலி வேண்டும் என்பதால், நாலு பேர் நாலு விதம் கேட்டால் நாலு பேரும் காத்திருக்க வேண்டியதுதான். மேசைக்கு இரண்டு வகையோடு நிறுத்துங்கள். முதல் தட்டாகப் பாஸ்தா, இரண்டாம் தட்டாக இறைச்சி, காய், இனிப்பு என்று எல்லாவற்றையும் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. வியாழன் என்றால் நியோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டை, சனி என்றால் குடல் என்பது ரோமின் பழைய கிழமைக் கணக்கு. கிழமை பார்த்துப் போவது நல்லது.

சைவர்களுக்கு எது? இங்கேதான் பெயர்கள் ஏமாற்றும். அமாத்ரிச்சானா, கிரிச்சா, கார்பொனாரா என்ற பாஸ்தா மூன்றிலும் குவாஞ்சாலே என்ற பன்றிக் கன்னக் கொழுப்பு உண்டு. காச்சோ எ பெப்பேயில் இறைச்சி இல்லை. ஆனால் பெக்கோரினோவின் பாலைத் திரிப்பது ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். அது ஆகாது என்பவர்கள் பென்னே அராபியாத்தா கேட்கலாம், மேலே சீஸ் தூவ வேண்டாம் என்று சொல்லிவிட்டு. தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய், எண்ணெய்; நம் நாக்குக்கும் பொருந்தும். தொட்டுக்கொள்ளப் பூண்டும் மிளகாயும் போட்டு வதக்கிய சிக்கோரியா கீரை. புந்தாரெல்லே என்ற பச்சைக்கீரை சாலட்டில் நெத்திலி அரைத்து ஊற்றியிருப்பார்கள், கவனம். பீட்சேரியாவிலும் பொறி உண்டு. வறுத்த பூசணிப்பூவுக்குள் மொஸரெல்லாவோடு நெத்திலி இருக்கும். சுப்ளி என்ற சோற்றுருண்டையில் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு. நாப்போலி பீட்சாவில் நெத்திலி. ஆனால் கடல் பெயரைத் தாங்கிய மரினாராவில் மீனும் இல்லை, சீஸும் இல்லை: தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய் மட்டும். முழுச் சைவருக்கு அதைவிட நிம்மதியான தட்டு இந்தப் பேட்டையில் இல்லை.

செலவில் பீட்சேரியாவுக்கே வெற்றி. தக்காளியும் மொஸரெல்லாவும் போட்ட மார்கரீட்டா பீட்சா சுமார் 8 முதல் 10 யூரோ; டிராட்டோரியாவில் ஒரு பாஸ்தா மட்டுமே சுமார் 12 முதல் 15, இறைச்சித் தட்டு அதற்கும் மேல். நேரத்திலும் அப்படியே: பீட்சேரியாவில் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடலாம், டிராட்டோரியாவுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஆனால் பல பீட்சேரியாக்கள் மாலையில்தான் அடுப்பு மூட்டும். மதியம் போய்க் கதவைத் தட்டிப் பயனில்லை. திறக்கும் நேரத்துக்கே போய் நின்றால் இடம் சுலபம். பேர்பெற்ற டிராட்டோரியாவுக்கு முன்பதிவு இல்லாமல் போகவே வேண்டாம்.

குழந்தைகளோடு, அல்லது ஆறேழு பேராக, அல்லது சைவராகப் போகிறீர்களா? யோசிக்காமல் பீட்சேரியா. இறைச்சி சாப்பிடும் இருவர், அவசரமில்லாத இரவு என்றால் டிராட்டோரியாவை விட்டுவிடாதீர்கள். அந்தக் காச்சோ எ பெப்பேக்கு ஈடாக எந்தப் பீட்சாவையும் வைக்க முடியாது.

இரண்டிலும் பில் போடும் முறை ஒரே மாதிரிதான். ரோம் இருக்கும் லாட்சியோ மாகாணத்தில் 2006-இல் வந்த சட்டம், உட்கார்ந்ததற்கென்று 'கொப்பெர்த்தோ' கட்டணம் போடக் கூடாது என்றது. ரொட்டிக்குக் காசு வாங்கலாம். அதனால் 'பானே' என்று ஒரு வரி இருக்கும். ரொட்டி வேண்டாம் என்றால் கூடை வந்தவுடனே திருப்பி அனுப்பிவிடுங்கள். டிராட்டோரியாவில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தட்டில் மிஞ்சிய குழம்பைத் துடைத்துச் சாப்பிட அது வேண்டும். பில் தானாக வராது. 'இல் கோன்தோ' என்று கேட்டால்தான் கொண்டுவருவார்கள்.