"அட்டைதானே அக்கா!" – 8,400 ரூபாய் போன கதை

பழைய பொன்னியின் செல்வன் என்று சொல்லி, போலி அட்டை ஒட்டிய புத்தகங்களை என் தலையில் கட்டியவன் இன்று காலை அதே போட்டோவை மறுபடி ஏற்றியிருக்கிறான். அதே ஐந்து புத்தகம், அடியில் அதே பூப்போட்ட மேசை விரிப்பு. விலை மட்டும் இப்போது 9,200. அதனால்தான் ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். பழைய பொருட்களை வாங்கி விற்கும் ஓர் இணையதளம். பெயரைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க எனக்குத் தெம்பில்லை.

அம்மாவுக்கு அடுத்த மாதம் எழுபத்தைந்து. பொன்னியின் செல்வன் தொடராக ஆரம்பித்த அதே 1950இல் பிறந்தவர். மணியம் ஓவியம் போட்ட பழைய பதிப்பு ஐந்து பாகமும் பெங்களூரில் எங்கள் அல்சூர் வீட்டில் இருந்தது. கரையான் தின்றுவிட்டது. புதிதாக வாங்கலாமே என்பீர்கள். 1999இல் கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனதிலிருந்து யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பதிப்பகத்துக்கு ஒரு அட்டை. 2022இல் படம் வந்த சமயத்தில் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். "யாருடி இவன், ஜிம்முக்குப் போறவன் மாதிரி இருக்கான்?" என்று திருப்பி வைத்துவிட்டார். அவருக்கு வந்தியத்தேவன் என்றால் மணியம் வரைந்த முகம்தான்.

அப்போதுதான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. "1960களின் பதிப்பு, அசல் அட்டை." போன் செய்தேன். எடுத்தவுடனே தமிழ். "அல்சூராக்கா? எங்க பெரியம்மா மர்ஃபி டவுன்தான்!" இங்கே கன்னடத்திலும் இந்தியிலுமே பேசிப் பேசி, போனில் இப்படி ஒரு குரல் கேட்டால் மனசு இளகிவிடுகிறது. உண்மையைச் சொன்னால் நான் ஏமாந்தது புத்தகத்தில் அல்ல, அந்தப் பெரியம்மாவில்தான். தளத்தின் வழியாகக் கட்டினால் கமிஷன் போய்விடும், நேராக அனுப்பினால் கூரியர் செலவைத் தானே ஏற்பதாகச் சொன்னான். அனுப்பினேன். 8,400 ரூபாய், ஒரே தவணையில்.

பார்சலை அம்மாவிடமே பிரிக்கக் கொடுத்தேன். பத்து விநாடி ஆகியிருக்காது. "ஒட்டின அட்டைடி இது" என்றார். கலர் பிரிண்ட் எடுத்து, லேமினேஷன் போட்டு, வேறேதோ மறுபதிப்பின் மேல் பசை தடவி ஒட்டியிருக்கிறான். பதிப்பு விவரம் இருக்கும் பக்கம் ஐந்திலும் கிழிக்கப்பட்டிருந்தது. ஆனால் எழுத்தை என்ன செய்வான்? முதல் பாகத்தைத் திறந்தால் "இளைய பிராட்டி" இப்போது நாம் எழுதுகிற ளையில் இருக்கிறது. யானைத் தும்பிக்கை தூக்கிய மாதிரி பழைய ளை, லை, னை எங்கேயும் இல்லை. அந்தச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றதே 1978இல். (பெரியார் தன் பத்திரிகைகளில் 1935லேயே கொண்டுவந்துவிட்டார், அது வேறு விஷயம்.) கடைசிப் பக்க விளம்பரத்தில் ஆறு இலக்கப் பின்கோடு வேறு. பின்கோடு வந்தது 1972இல். அறுபதுகளின் புத்தகத்துக்கு அது எங்கிருந்து வந்தது?

போன் செய்தேன். "பதிப்புக்குப் பதிப்பு அட்டை மாறும்க்கா, அது சகஜம்." மாறும் என்று தெரிந்துதானே அய்யா பழையதைத் தேடினேன்! மறுநாள், "அட்டைதானே அக்கா, உள்ளே கதை ஒண்ணுதானே?" கதை மட்டும் போதுமென்றால் முந்நூறு ரூபாய்க்கு மலிவுப் பதிப்பு வாங்கியிருக்க மாட்டேனா? மூன்றாம் நாள் "வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன்". நான்காம் நாள் என்னைப் பிளாக் செய்துவிட்டான். தளத்துக்கு எழுதினால், பணம் எங்கள் வழியாக வரவில்லை, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரே பதில் மூன்று முறை. 8,400 ரூபாய். அம்மாவின் இரண்டு மாத மருந்துச் செலவு.

சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். என்ன ஆகிறதென்று பார்ப்போம்.

பழைய பதிப்பு வாங்குவது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அட்டைப் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். பதிப்பு விவரப் பக்கம், நடுவில் ஏதாவது ஒரு பக்கம், முதுகுப் பகுதி, மூன்றையும் போட்டோ கேளுங்கள். பழையது என்றால் ளை, லையைப் பாருங்கள். தளத்துக்கு வெளியே பணம் கேட்டால் போனை வைத்துவிடுங்கள், பெரியம்மா எந்த ஊராக இருந்தாலும் சரி.

அப்புறம் ஒன்று. பெங்களூரில் யாரிடமாவது "புது வெள்ளம்" பாகம் மட்டுமாவது பழைய அட்டையோடு இருந்தால் சொல்லுங்கள். அம்மாவையும் அழைத்துக்கொண்டு நேரில் வருகிறேன். அவர் தொட்டுப் பார்த்து "சரி" என்றால்தான் பணம்.