1,499 ரூபாய் போச்சு: ஆன்லைன் டாக்டருக்குப் பணம் கட்டும் முன் இதைப் படிங்க

இது 2020 ஜூன், கொரோனா காலம். மதுரையில் 24-ஆம் தேதியிலிருந்து முழு ஊரடங்கு. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் கிளினிக் பூட்டிக் கிடக்கிறது. சுகர் இருக்கிற அம்மாவுக்குக் கால் பெருவிரலுக்கு அடியில் மொச்சை அளவு புண், ஓரம் கறுத்துவிட்டது. வெளியே கூட்டிப்போகப் பயந்து, போனிலேயே டாக்டரைக் காட்டுகிற ஒரு ஆப்பில் 1,499 ரூபாய் கட்டினேன். வீடியோவில் சுகர் ஸ்பெஷலிஸ்ட், 15 நிமிடம், ஒரு வாரத்துக்குள் இன்னொரு முறை இலவசம். இதுதான் பேச்சு.

நம்பியது அந்த ஆப்புக்கு இருந்த 4.8 நட்சத்திரத்தை. அது எப்படிச் சேர்கிறது என்று பணம் கட்டின பிறகுதான் தெரிந்தது. பணம் போன கையோடு, டாக்டர் லைனுக்கு வருவதற்கு முன்னாடியே, "அனுபவம் எப்படி?" என்று கேட்கிறது. நட்சத்திரம் தட்டினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். நானும் அவசரத்தில் 5 தட்டினேன். வைத்தியம் பார்ப்பதற்கு முன்பே திருப்தி கணக்கில் ஏறிவிட்டது! அங்கே இருக்கிற நட்சத்திரம் முக்கால்வாசி இப்படி வந்ததாகத்தான் இருக்கும்.

வீடியோ வரவில்லை. 40 நிமிடம் கழித்துச் சாதாரண போன் கால், 2 நிமிடம் 10 நொடி. புண்ணை அவர் பார்க்கவே இல்லை. சுகர்காரர் காலில் புண் என்றால் பாதத்தில் நாடி ஓடுதா, தொட்டால் உணர்ச்சி இருக்கா என்று கை வைத்துப் பார்க்கணும். அது போனில் முடியாது. "நேரில் காட்டுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் 1,499 போனாலும் பரவாயில்லை என்றிருப்பேன். அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட் 625 என்கிற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை எழுதி வைத்துவிட்டார்.

மருந்துக் கடையில் தினமும் சீட்டுப் பார்த்து மருந்து கொடுக்கிறவன் நான். என் கடையிலேயே இந்தச் சீட்டுக்கு மருந்து எடுக்க முடியாது. டாக்டர் பதிவு எண் இல்லை, கையெழுத்து இல்லை, அம்மா வயசு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. மத்திய அரசு 2020 மார்ச் 25-ல் வெளியிட்ட தொலைமருத்துவ விதிமுறை தெளிவாகச் சொல்கிறது: சீட்டில் பதிவு எண் வேண்டும், வாங்கின பீஸுக்கு ரசீது தரவேண்டும். முதல் முறை பேசுகிற நோயாளிக்கு வெறும் போன் காலில் பாரசிட்டமால், ஓ.ஆர்.எஸ். மாதிரி சீட்டில்லாமல் கிடைப்பதைத்தான் சொல்லலாம். ஆன்டிபயாட்டிக் எழுத வீடியோ கட்டாயம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் முதலில் "48 மணி நேரம் பொறுங்க". அடுத்து "டாக்டர் தரப்பில் கன்சல்டேஷன் முடிந்ததாகக் காட்டுது சார்". மூன்றாவது ஆள், "நீங்களே 5 ஸ்டார் கொடுத்திருக்கீங்களே" என்கிறார். கடைசியில் 200 ரூபாய் கூப்பன், அதையும் அதே ஆப்பில்தான் செலவழிக்கணுமாம். 1,499 ரூபாய் சார், 1,499!

விவரமாக எழுத நேரமில்லை. டாக்டர் பேசுவதற்கு முன் நட்சத்திரம் கேட்டால் 1 தட்டுங்க. பணம் கட்டும் முன்பே டாக்டர் பெயரும் பதிவு எண்ணும் கேளுங்க, மெடிக்கல் கவுன்சில் தளத்தில் தேடிப் பாருங்க. வீடியோ வராவிட்டால் அந்த நிமிடமே ஸ்கிரீன்ஷாட். சின்னச் சின்ன விஷயத்துக்கு வீடியோவில் டாக்டரிடம் பேசுகிற அரசின் இ-சஞ்சீவனி சேவை இருக்கு, பைசா கிடையாது. புண், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி எதுவானாலும் போனை நம்பாதீங்க. அம்மாவை நேரில் காட்டத்தான் இப்போது கிளம்புகிறோம், வண்டி வந்துவிட்டது.