சென்சார் போச்சு, ஈசியு போச்சு என்று சொன்னால், மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் படியுங்கள். இங்குள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் காரில் சென்சார், பிளக், காயில் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் வாங்கினார்கள். கடைசியில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவே போய்விட்டது, முப்பதாயிரம் ஆகும் என்றார்கள். போயிருந்தது ஒரே ஒரு வயர்.

காலையில் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போதே, ஸ்டார்ட் செய்த உடன் ரேடியேட்டர் ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிடும். கறுப்புப் புகை, பெட்ரோல் வாடை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்து சூட்டோடு நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும். ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார்கள். பி0118 என்ற பிழைக் குறியீடு வந்தது. கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்று காட்டியது.

ஊட்டியில் ஜனவரி உறைபனி கொட்டுகிற இரவில்கூட பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும். ஓடுகிற இன்ஜினில் மைனஸ் 40 எப்படி வரும்? கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சாரின் சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். அந்த சென்சாரை நம்ப முடியாதபோது பாதுகாப்புக்காக ஈசியு ஃபேனை ஓட விட்டுவிடும். சென்சாருக்குள் அறுந்ததா, கனெக்டரிலா, வயரிலா என்று ஸ்கேனர் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க, வோல்ட்டும் ஓம்ஸும் அளக்கும் மல்டிமீட்டர் வேண்டும்.

புது சென்சார் மாட்டினார்கள். ஸ்கேனரில் அதே மைனஸ் 40. அப்போதாவது வயரைப் பார்த்திருக்க வேண்டாமா? இன்ஜின் ரொம்பக் குளிர்ந்திருக்கிறது என்று ஈசியு தப்பாகப் புரிந்துகொண்டு பெட்ரோலை அள்ளி ஊற்றியதால் பிளக்கில் கரி படிந்திருந்தது. அந்தக் கரியைக் காட்டியே பிளக்கையும் காயிலையும் மாற்றினார்கள். அதன் பிறகுதான் ஈசியு கதை. இத்தனைக்கும் நடுவில் யார் கையிலும் ஒரு மீட்டரை நான் பார்க்கவில்லை.

மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மேட்டுப்பாளையத்தில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் முதலில் பேட்டரியில் மீட்டரை வைத்தார். இன்ஜின் ஆஃபில் 12.6 வோல்ட், ஓடும்போது 14.1. அது சரி. அப்புறம் சென்சார் கனெக்டரைக் கழற்றி, இக்னிஷனை ஆன் செய்து, கறுப்பு லீடை பேட்டரி நெகட்டிவில் வைத்து சிவப்பு லீடால் ஒரு பின்னைத் தொட்டார். 5 வோல்ட். ஈசியு அனுப்ப வேண்டியதை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அதே இரண்டு லீடையும் கனெக்டரின் இரண்டு பின்களுக்கு நடுவே வைத்தால் ஒன்றும் வரவில்லை. இன்னொரு பின்னுக்கு வரும் எர்த் வயர் அறுந்திருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. டேப்பைப் பிரித்துப் பார்த்தால், கனெக்டருக்குச் சற்றுத் தள்ளி எலி கடித்த தடம். உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாக இருந்தது. நம் ஊர் ஈரத்தில் ஒரு சின்னக் கடி போதும்.

“புது சென்சார் போட்டும் மைனஸ் 40 காட்டுச்சுன்னா, அன்னிக்கே வயரைப் பார்த்திருக்கணுங்க” என்றார்.

பழைய சென்சாரையும் சோதித்துக் காட்டினார். சும்மா இருக்கும்போது அதன் மின்தடை இரண்டரை கிலோ ஓம்ஸை ஒட்டி இருந்தது. டம்ளரில் வெந்நீர் ஊற்றி அதன் முனையை விட்டதும் எண் சரசரவென்று இறங்கி சில நூறு ஓம்ஸில் நின்றது. நல்ல சென்சார் அப்படித்தான் இறங்கும். அதைத்தான் ‘செத்துப்போச்சு’ என்று கழற்றியிருந்தார்கள். வயரை சால்டர் செய்து டேப் சுற்றியதும் ஃபேன் அடங்கியது, புகை நின்றது. அவர் வாங்கியது சில நூறு ரூபாய்தான்.

எல்லாவற்றையும் ஓம்ஸில் அளந்துவிட முடியாது என்பதும் உண்மை. இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சார் இரண்டு வயர் வகையாக இருந்தால் அளக்கலாம். காந்தப்புலத்தை உணரும் மூன்று வயர் ஹால் சென்சாரில் சப்ளையும் எர்த்தும் வருகிறதா, சிக்னல் மாறுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். உள்ளேயே எலக்ட்ரானிக்ஸ் வைத்த காயிலுக்கு மீட்டர் பதில் சொல்லாது. பிளக் மேல் தனித்தனியாக உட்காரும் காயிலாக இருந்தால் பக்கத்து சிலிண்டரோடு மாற்றிப் போட்டு, மிஸ்ஸிங் (சிலிண்டர் சரியாக எரியாமல் விடுவது) கூடவே போகிறதா என்று பார்க்கலாம். நீங்களே மீட்டர் வாங்கிப் பார்ப்பதாக இருந்தால், பிளக்குக்குப் போகும் ஹை டென்ஷன் பக்கம் லீடை வைக்காதீர்கள், அங்கே பாய்வது பல்லாயிரம் வோல்ட். ஏர்பேக் வயரிங் பக்கமே போகாதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டதற்கு, “எலக்ட்ரிக்கல் சாமான் போட்டா ரிட்டர்ன் கிடையாது” என்று முடித்துவிட்டார்கள். அறுந்த வயரின் போட்டோ, பழைய பாகங்கள், பில் எல்லாவற்றையும் வைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்திருக்கிறேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் பில் வைத்திருந்தால் நீங்களும் பதிவு செய்யுங்கள். இனி யாராவது ஈசியு போச்சு என்றால், கனெக்டரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று உங்கள் கண் முன்னே அளந்து, அந்த எண்ணை எஸ்டிமேட்டில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.