ஏழு மாரி கண்ட கம்பித் தொட்டில்

ஓடைக்குக் குறுக்கே சாமான் கடத்த நான் போட்ட கம்பித் தொட்டிலின் கப்பிக்குப் போன கிழமை பெயாரிங் மாற்றினேன். இது நாலாவது தடவை. அன்றைக்கென்று பார்த்து துணுக்காயிலிருந்து சிநேகிதன் எடுத்தான். "மச்சான், நேபாளத்தில மலையில இருந்து கம்பியில சாமான் இறக்கிற வீடியோ பாத்தனான். கரண்டும் இல்லை, டீசலும் இல்லை. நானும் ஒண்டு போடட்டோ?" கையில் கிறீஸோடு நின்றவனிடம் கேட்கிற கேள்வியா இது?

அங்கே இரண்டு தொட்டில். மேலேயிருந்து ஏறக்குறைய மூன்று பங்கு பாரம் இறங்க, கீழேயிருந்து ஒரு பங்கு தானாக ஏறும். அதற்கு மலை வேண்டும். எங்கட கிளிநொச்சி கண்டாவளைப் பக்கம் வயல் வரம்புதான் மலை.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்து வெள்ளம் வர, மாட்டுப்பட்டி ஓடைக்கு அந்தக் கரையிலும் நாங்கள் இந்தக் கரையிலுமாக நின்ற பிறகு போட்டது எங்கள் கம்பி. யோசனை பக்கத்து வீட்டு ஐயாவுடையது. 1977 இனக்கலவரத்தோடு மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர். கொழுந்து மூடை கம்பியில் இறங்குவதைப் பார்த்து வளர்ந்த மனுசன். 60 மீற்றர் நீளம், 12 மில்லிமீற்றர் கம்பி. இந்தப் பக்கம் மருதமரம், அந்தப் பக்கம் கொங்கிறீற்றில் நட்ட இரும்புத் தூண்.

கம்பி தொய்யும். அதுதான் பிரச்சினை, ஏழு வருசமாக அது ஒன்றுதான். பாதி தூரம் தொட்டில் தானாக ஓடும், பார்க்கிறவன் கைதட்டுவான். பிறகு ஏற்றம். கடைசிப் பத்து மீற்றர் உயிரை வாங்கும். கயிற்றை இழுத்து இழுத்து உள்ளங்கை காய்த்துப் போச்சு. "இறுக்கிக் கட்டன்" என்று வந்தவனெல்லாம் சொல்வான். தொய்வை மூன்றில் ஒன்றாகக் குறைத்தால் கம்பியில் விழும் இழுவை மூன்று மடங்கு. மருதமரம் வேரோடு வந்துவிடும்.

ஆள் ஏறக்கூடாது என்று சட்டம் போட்டது நான். மீறியதும் நான்தான். போன மாரியில் நடு ஓடைக்கு மேலே அரை மணித்தியாலம் தொங்கினேன், கீழே கலங்கல் தண்ணீர். கரையில் மனிசி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது இன்னும் மோசம்.

ஆனால் 2022இல் டீசல் வரிசையில் ஊரே கிடந்தபோது, ஓடை மணலில் சைக்கிள் புதைய, என் சிறுபோக நெல் முழுக்க மூடை மூடையாக இந்தக் கம்பியில்தான் வந்தது. மாரியில் ஒருநாள்கூடப் பால் கெட்டதில்லை. விடியப்புறம் தொட்டிலில் மயில் வந்து குந்தியிருக்கும். கயிற்றை அசைத்தால்தான் இறங்கும்.

சிநேகிதனுக்குச் சொன்னது: போடாதை. அந்தக் காசுக்கு ஒரு வள்ளம் வாங்கு.

ரெண்டு நாள் கழித்துத் திரும்ப எடுத்தான், வள்ளம் விலை விசாரித்தானாம். அதை விடு, உன்ர ஓடை எத்தனை மீற்றர் என்று கேட்டேன். பழைய கப்பி ஒன்று என்னிடம் சும்மா கிடக்கிறது.