இரவு முழுவதும் சார்ஜா, 80 சதவீதத்தோடு நிறுத்தமா?

கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் இருக்கும் லித்தியம் அயனி பேட்டரி முழுதாக நிரம்பும்போது அதன் செல்லின் (உள்ளிருக்கும் மின்கலத்தின்) மின்னழுத்தம் பெரும்பாலும் 4.2 வோல்ட்டை ஒட்டி நிற்கிறது. அந்த நிலையிலேயே நெடுநேரம் இருப்பதும், கூடவே சூடாவதும் அதன் ஆயுளைக் குறைக்கின்றன.

ஆயுள்: இரவெல்லாம் செருகி வைத்தால் 100 சதவீதத்திலேயே பல மணி நேரம் கழிகிறது, தலையணைக்கடியில் கிடந்தால் வெப்பமும் சேரும். 20க்கும் 80க்கும் இடையில் வைத்திருந்தால் தேய்மானம் மெதுவாக நிகழும். அடிக்கடி செருகினால் சார்ஜ் சுழற்சி (மொத்தம் 100 சதவீத அளவு பயன்பட்டால் ஒன்று) கூடிவிடும் என்ற அச்சம் வீண்: 50 சதவீதமாக இருமுறை ஏற்றினாலும் கணக்கில் அது ஒரே சுழற்சிதான்.

வசதி: இரவெல்லாம் செருகி வைப்பதில் கவலையில்லை. 80 சதவீதத்தில் நிறுத்துவதென்றால் கண் வைத்திருக்க வேண்டும். குறித்த சதவீதத்தில் தானாகவே நிறுத்தும் சார்ஜ் வரம்பு அமைப்பு இருந்தால் அதுவும் தேவையில்லை.

நாள் முழுதும் மேசையில் செருகியே கிடக்கும் மடிக்கணினிக்கு 80 வரம்பே பொருந்தும். வெளியில் அலைபவர் கைப்பேசியை முழுதாக ஏற்றிக்கொள்வதில் தவறில்லை. புறப்படுவதற்குச் சற்று முன் நிரம்பும்படி பார்த்துக்கொள்ளலாம்.