லெட்டா, ஹிண்டரா?

ஸ்குவாஷைப் போலவே நான்கு சுவருக்குள் முன்சுவரில் பந்தை அடித்து ஆடுவது ராக்கெட்பால். எங்கள் கையில் இருப்பது ராக்கெட்பால் மட்டையும் பந்தும். ஆடக் கிடைப்பதோ ஸ்குவாஷ் கோர்ட். நெற்குன்றத்தில் ஸ்குவாஷ் அகாடமி, 2023 ஸ்குவாஷ் உலகக் கோப்பைக்கு எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலுக்குள்ளேயே கண்ணாடிக் கோர்ட் என்று இருந்த சென்னையில் வேறென்ன கிடைக்கும்? சர்வீஸ், புள்ளிக் கணக்கெல்லாம் சட்டென்று முடிவாகிவிட்டது. குறுக்கே நிற்பவரை என்ன செய்வது என்பதில்தான் இழுபறி.

ராக்கெட்பாலில் குறுக்கே நிற்பதற்குப் பெயர் ஹிண்டர். ரீப்ளே ஹிண்டர் என்றால் மறுபடி ஆட வேண்டும். பெனால்ட்டி ஹிண்டர் என்றால் மறித்தவருக்கு அந்த ராலி (சர்வீஸிலிருந்து பந்து ஓயும்வரை நடக்கும் ஆட்டம்) போச்சு. எதிராளி பந்தை அடிக்க, நேராக ஒரு வழி, எதிர்ப் பின்மூலைக்குப் போகும்படி குறுக்காக ஒரு வழி விட்டால் போதும். ஸ்குவாஷில் முன்சுவர் முழுவதையும் விட வேண்டும். லெட் (மறுபடி ஆடுவது), ஸ்ட்ரோக் (மறிக்கப்பட்டவருக்கு ராலி), நோ லெட் (கேட்டவருக்கு ஒன்றும் கிடையாது, ராலி போச்சு) என்று மூன்று தீர்ப்பு வேறு. படிக்க ராக்கெட்பால் விதிதான் சுலபம்.

இருந்தும் ஸ்குவாஷ் விதியையே எடுத்துக்கொண்டோம். காரணம், பந்து போய் விழக்கூடிய எதிராளியின் முதுகு. எதிராளி உங்களுக்கும் முன்சுவருக்கும் நடுவில் நிற்கிறார். ராக்கெட்பாலில் நீங்கள் அடித்து, சுவர் வரை போயிருக்கக்கூடிய பந்து அவர் மேல் பட்டால் பொதுவாக ரீப்ளே. பயந்து மட்டையை நிறுத்தினாலும் ரீப்ளேதான். நிறுத்தியவருக்கு என்ன லாபம்? நகராமல் நின்றார் என்று பெனால்ட்டி கேட்கலாம்தான். நடுவரே இல்லாத ஆட்டத்தில் யாரிடம் கேட்பது?

ஸ்குவாஷில் அப்படியில்லை. நேராக முன்சுவருக்குப் போகும் பந்து அவர் மேல் பட்டிருக்கும் என்றால், அடிக்காமல் 'லெட் ப்ளீஸ்' என்று நின்றாலே ஸ்ட்ரோக், ராலி உங்களுடையது. பட்டிருக்குமா என்பது அங்கே நின்றவருக்கே தெரியும் என்பதால் சண்டையும் குறைவு. ராக்கெட்பால் கோர்ட் சுமார் 12.2 மீட்டர் நீளம், ஸ்குவாஷ் கோர்ட் 9.75 மீட்டர்தான்; எங்கள் ராக்கெட்பால் பந்தோ 57 மில்லிமீட்டர், நன்றாக எகிறும். இந்த நெருக்கத்தில் கையை அடக்குபவருக்குப் பலன் கிடைத்தாக வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள்: பின்சுவரில் பட்டு வரும் பந்துக்காக முழுக்கத் திரும்பிவிட்டால் இந்தச் சலுகை கிடையாது. நிறுத்தினால் பெரும்பாலும் லெட். அடித்து அவர் மேல் பட்டால் புள்ளி அவருக்கு. ராக்கெட்பால் பந்து பின்சுவரிலிருந்து துள்ளி வருவதால் இது அடிக்கடி வரும்.

அப்புறம், இரட்டையர் ஆட்டம். நான்கு பேராக நாங்கள் அதிகம் ஆடியதில்லை. அங்கே முன்சுவர் முழுவதையும் விடச் சொன்னால் ஆள் எங்கே போய் நிற்பது? அதற்கு ராக்கெட்பாலின் இரண்டு வழிக் கணக்கே ஒத்துவரலாம்.