வெந்நீர்க் குழாய் பதித்த பேஸ்மென்ட் தரைக்கு மரத்தோற்ற போர்சிலின் டைல்ஸ்

டொரான்டோ பகுதியில் உள்ள எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில், கான்கிரீட் தளத்துக்குள் பதித்த குழாய்களில் வெந்நீர் ஓடித் தரையைச் சூடாக்குகிறது. அதன்மேல் கூடத்தில் மரத்தோற்ற போர்சிலின் டைல்ஸும், படுக்கையறையில் எஸ்.பி.சி. எனப்படும் கல்தூள் கலந்த வினைல் பலகையும் போட்டோம். ஒரு முழுக் குளிர்காலம் இரண்டின் மீதும் நடந்து பார்த்த பிறகு, இத்தகைய தரைக்கு போர்சிலினே முதல் தேர்வு என்று தயங்காமல் சொல்வேன்.

முதற்காரணம் வெப்பம். போர்சிலின் வினைலைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்துவதால், குழாயில் ஓடும் நீரை அதிகம் சூடாக்காமலேயே கூடத்தில் காலுக்கு இதமான கதகதப்பு கிடைக்கிறது. மேற்பரப்பு 29 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது பாதங்களின் வசதி கருதி வகுத்த பொது வரம்பு. வினைல் தயாரிப்பாளர்கள் பலர் ஏறக்குறைய அதே அளவைத் தங்கள் உத்தரவாதத்துக்கு நிபந்தனையாகவும் வைக்கிறார்கள். வினைல் சூட்டில் விரியும் பொருள் என்பதால், தரையின் வெப்பத்தையே அளக்கும் சென்சார் உள்ள தெர்மோஸ்டாட் அதற்குக் கட்டாயம் வேண்டும். கனத்த கம்பளத்தை விரித்து வெப்பத்தை அடைத்துவைக்கவும் கூடாது.

அடுத்தது நீர். 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீட்டர் மழை கொட்டிய நாளை இந்த நகரத்தில் பேஸ்மென்ட் வைத்திருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மரத்தோற்றப் படலம் ஒட்டிய லாமினேட் பலகையின் உட்பகுதி அழுத்திய மரத்தூள் நாரால் ஆனது; ஓரத்தில் நீர் இறங்கினால் உப்பிவிடும், பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. எஸ்.பி.சி. பலகை நீரால் கெடுவதில்லை என்றாலும், ஒட்டாமல் ஒன்றோடொன்று கோத்து மிதக்கவிடும் தரை என்பதால், அடியில் புகுந்த நீரை அகற்றப் பலகைகளைக் கழற்றத்தான் வேண்டும். போர்சிலின் உறிஞ்சும் நீரோ அதன் எடையில் 0.5 விழுக்காட்டைத் தாண்டாது.

தோற்றத்தில்தான் மிகுந்த கவனம் தேவை. கடையில் காட்டும் ஒற்றை மாதிரியை நம்பி வாங்காதீர்கள். இரண்டு மூன்று பெட்டிகளைத் திறந்து தரையில் பரப்பிப் பாருங்கள். மலிவான சரக்கில் ஒரே மரக்கணு, ஒரே கீறல், நான்கைந்து துண்டுகளுக்கு ஒருமுறை கண்ணில் படும். அது ஒருமுறை தெரிந்துவிட்டால் பிறகு தரை முழுவதும் அதுதான் தெரியும். நீண்ட டைல்ஸ் நடுவில் சற்றே வளைந்திருப்பது இயல்பு. ஆகவே செங்கல் வரிசைபோலப் பாதிக்குப் பாதி தள்ளி ஒட்டினால், ஒன்றின் மேடான நடுப்பகுதி அடுத்ததன் தாழ்ந்த முனையோடு சேர்ந்து, வெறுங்காலில் நடக்கும்போது விளிம்பு இடறும். நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளக் கூடாது என்பதே தொழில்முறை விதி. டைல்ஸ்களின் இடைவெளியை நிரப்பும் கிரவுட்டின் நிறம் டைல்ஸின் கருமையான ரேகையோடு ஒத்துப்போனால் இடைவெளிக் கோடுகள் மங்கி, தரை உண்மையிலேயே மரம் போலத் தெரிகிறது. எங்கள் கூடத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

குறைகளும் உண்டு. நெடுநேரம் நின்றால் கால் வலிக்கிறது. கைதவறிய கண்ணாடிக் குவளை தப்புவதில்லை. வெப்பம் நிறுத்திய கோடையில் தரை சில்லென்றிருக்கிறது. ஒட்டும் கூலி வினைலைவிடக் கணிசமாக அதிகம். கான்கிரீட்டின் விரிசல் மேலே ஏறாமலிருக்க இடையில் ஒரு தடுப்பு விரிப்பும் போட வேண்டியிருப்பதால், கதவுகளின் அடிப்பகுதியைச் சீவ நேரலாம். செலவோ உயரமோ இடம் தராதவர்கள் எஸ்.பி.சி.யைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் படுக்கையறையில் அது நன்றாகவே உழைக்கிறது. ஆனால் நுரைபோன்ற உட்பகுதி கொண்ட டபிள்யு.பி.சி. என்ற வினைல் வகையும், அடியில் தடித்த நுரை விரிப்பும் வேண்டாம். இரண்டும் கீழிருந்து வரும் வெப்பத்தை மறித்துவிடும்.

எதை வாங்கினாலும், கான்கிரீட்டின் ஈரத்தை அளந்து பார்த்த பின்னரே வேலை தொடங்க வேண்டும் என்பதையும், ஒட்டிய டைல்ஸின் கலவை முற்றிலும் இறுகும்வரை வெப்பத்தை நிறுத்திவைத்து, அதன்பின் நாளுக்கு ஓரிரு டிகிரியாக மட்டுமே ஏற்ற வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.